சொந்த விளையில் சருகு கொளுத்தலாமா?

கேள்வி இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு ஊராட்சியில் இருபது சென்ட் விளை, அதாவது தோட்டம், அதில் வீடு. பத்துத் தென்னை, இரண்டு மா, ஒரு பலா, ஒரு அயனி. ஞாயிற்றுக்கிழமைதோறும் முற்றத்தைத் தூத்துவாரி, சருகையும் ஓலையையும் ஒரு மூலையில் போட்டுக் கொளுத்துகிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூச்சிளைப்பு இருக்கிறது. 'இனியும் கொளுத்தினால் மனு கொடுப்பேன்' என்று அவர் சொல்லிவிட்டார். என் இடத்தில் என் சருகை நான் கொளுத்தக் கூடாதா, யாரிடமாவது அனுமதி வாங்கினால் போதுமா, எப்படிக் கொளுத்தினால் ஆபத்தில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது அப்பா வைத்துவிட்டுப் போன விளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே தீயை அணைக்கிறவன் பாடும் தெரியும், சருகு வாரி இடுப்பு ஒடிகிறவன் பாடும் தெரியும்.

அனுமதி பற்றிய கேள்விக்குப் பதில் எளிது. அப்படி ஒன்று நம்மிடம் இல்லை. அமெரிக்காவில் பல ஊர்களில் தோட்டக் குப்பை எரிக்க அனுமதிச் சீட்டு உண்டு. காற்று அதிகம் இருக்கும் நாளில் கொடுக்க மாட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சொல்லக் கேட்டு இங்கேயும் சிலர் பஞ்சாயத்து அலுவலகத்தில் போய் விசாரிக்கிறார்கள். நம் ஊராட்சியோ பேரூராட்சியோ நகராட்சியோ 'இன்ன நாளில் இன்ன நேரத்தில் எரித்துக்கொள்' என்று சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. யாராவது வாயால் 'சரி, கொளுத்திக்கோங்க' என்று சொல்லியிருந்தாலும் நாளை மனு என்று வந்தால் அந்த வார்த்தை உங்களைக் காப்பாற்றாது.

கொளுத்தக் கூடாதா என்பதுதான் கொஞ்சம் சிக்கல். காரணம், சட்டம் ஒரே இடத்தில் இல்லை, நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில் ஒரு வரி இருந்தது. யாரும் தன் கழிவைத் தெருவிலோ, தன் வளாகத்துக்கு வெளியே உள்ள பொது இடத்திலோ, ஓடையிலோ, நீர்நிலையிலோ எறியவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று அது சொன்னது. இந்த 'வெளியே' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பலர், 'என் காம்பவுண்டுக்கு உள்ளே எரித்தால் எவன் கேட்பான்' என்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி வாதாடியவன்தான். ஆனால் அதே விதியில், தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்துத் தன் வளாகத்துக்குள்ளேயே வைத்து, உள்ளாட்சி சொல்கிற முறையில் அகற்ற வேண்டும் என்றும் இருந்தது. அதை யாரும் வாசிக்கவில்லை.

அதே வருடம் டிசம்பர் 22-ஆம் தேதி அந்த வாதத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அல்மித்ரா படேல் என்ற அம்மையார் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், குப்பைக் கிடங்கு உட்பட எந்த நிலத்திலும் கழிவைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று முழுத் தடை போட்டது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. இதில் காம்பவுண்டுக்கு உள்ளே, வெளியே என்ற பேச்சே இல்லை. 2016 விதிகளுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டிய கழிவு என்று வீட்டிலேயே நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. எரிப்பதற்கு அவையும் வழி திறந்துவிடவில்லை.

இதற்கு மேல் உள்ளாட்சிகளின் துணை விதிகள். நம் மாவட்டத்தில் நாகர்கோவில் மாநகராட்சி, பத்மநாபபுரம், குளச்சல், குழித்துறை, கொல்லங்கோடு நகராட்சிகள், ஐம்பதுக்கு மேற்பட்ட பேரூராட்சிகள், 95 ஊராட்சிகள். அபராதத் தொகை இடத்துக்கு இடம் மாறும். உங்கள் ஊராட்சிச் செயலரிடம் கேட்டால் அங்கே என்ன நடைமுறை என்று சொல்வார். தக்கலை டவுனுக்குள் இருக்கும் உங்கள் அண்ணனுக்குப் பொருந்துவது பத்மநாபபுரம் நகராட்சியின் நடைமுறை. அதை வைத்து உங்கள் ஊராட்சியில் வாதாடாதீர்கள்.

அபராதத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது குற்றவியல் சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 287-ஆம் பிரிவு: மனித உயிருக்கு ஆபத்து வரும்படி தீயை அசட்டையாகக் கையாண்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 280-ஆம் பிரிவு: அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் உடல்நலத்துக்குக் கேடு வரும்படி காற்றைக் கெடுத்தால் 1,000 ரூபாய் வரை அபராதம். தொகை சின்னதுதான். ஆனால் உங்கள் தீ பக்கத்து வீட்டுத் தொழுவத்தைப் பிடித்துக்கொண்டால் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்துப் பார்க்கிற பிரிவுகள் இவைதான், 'என் இடம்' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

காட்டோரம் இருப்பவர்கள் கணக்கு வேறு. பேச்சிப்பாறை, கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கம் வீடும் விளையும் வைத்திருப்பவர்களுக்கு வேலிக்கு அப்புறம் காப்புக்காடோ கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமோ இருக்கலாம். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும், மூட்டிய தீயை அணைக்காமல் விட்டுவிட்டுப் போவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி குற்றம். தை, மாசியில் ரப்பர் இலை மொத்தமாக உதிர்ந்து முழங்கால் அளவு கிடக்கும் நாளில் அங்கே பீடி பற்றவைப்பதே தப்பு என்பது என் கருத்து. ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். எல்லையில் சருகைத் தூத்து வெறும் மண்ணாகப் பட்டை போட்டு வைப்பது அவர்கள் வழக்கம்.

சரி, இவ்வளவு தடையா, அப்படியென்றால் சருகை என்னதான் செய்வது என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. அப்புறம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நன்றாக இருக்கும் ஒரு தென்னை மாதம் ஒரு ஓலை வீதம் வருடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஓலை தள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னைக்குக் கோடை மூடாக்காகச் சொல்வது என்ன தெரியுமா? மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர், அதாவது ஆறு அடி ஆரத்துக்குத் தடம் எடுத்து, அதில் காய்ந்த ஓலை பதினைந்து பரப்ப வேண்டும். அல்லது கதம்பை, அதாவது தேங்காய் உரித்த நார்த்தோல், நூறு, முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்து அடுக்க வேண்டும். மரம் வருடத்தில் தள்ளுகிற ஓலையும் அதன் தடத்துக்கு வேண்டிய ஓலையும் ஏறக்குறைய ஒன்றுதான்! உங்கள் பத்து மரத்தின் ஓலையும் அந்தப் பத்து மரத்தின் மூட்டிலேயே முடிந்துபோகும். கொளுத்த மிச்சமே இல்லை. ஓலையை அப்படியே இழுத்துப் போட்டால் தடத்தில் நிற்காது, காலிலும் தட்டும். அரிவாளால் மட்டையை வெட்டித் தனியே எடுத்துவிட்டு, கீற்றை இரண்டு மூன்று துண்டாக்கிப் போட்டால் படியும். மழைக்காலம் வந்ததும் மட்கத் தொடங்கிவிடும். நமக்கு இடவப்பாதி, துலாம் என்று இரண்டு மழை, இந்த ஊரில் மட்காத சருகு கிடையாது.

'சாம்பல் தென்னைக்கு நல்லது என்று பாட்டா சொல்வாரே' என்பீர்கள். பாட்டா சொன்னது பொய்யில்லை. சாம்பலில் சாம்பல்சத்து இருக்கிறது, தென்னை அதை நிறையக் கேட்கும். ஆனால் அந்தச் சத்து சருகிலும் கதம்பையிலும் முன்பே இருந்ததுதான், தீ புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. தழைச்சத்தும் மண்ணைப் பொலபொலப்பாக்கும் மட்குப் பொருளும் தீயில் புகையாகப் போய்விடுகின்றன. பாட்டாவுக்குச் சாம்பல் கிடைத்தது அடுப்பிலிருந்து, முற்றத்து மூலையிலிருந்து அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுப்பு என்றதும் இன்னொன்று. 1981-ஆம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில், ஒரு பகுதியில் எந்தப் பொருளையும் எரிக்கத் தடை விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுக்கும் இடத்தில், 'எரிபொருள் அல்லாத' பொருள் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். கழிவை ஒழிப்பதற்காக மூட்டும் தீ வேறு, சமையலுக்கும் வெந்நீருக்கும் எரிக்கும் அடுப்பு வேறு. மட்டை, பாளை உறையான கொதும்பு, ஓலை மூட்டில் வலை மாதிரி இருக்கும் சில்லாட்டை, சிரட்டை எல்லாம் நல்ல விறகு. நன்றாகக் காயவைத்து மழை படாமல் அடுக்கி வைத்தால் வீட்டுக்குப் பின்னால் ஒரு வெந்நீர் அடுப்பு வருடம் முழுக்க எரியும். காய்ந்த மட்டை கொஞ்சம் கொஞ்சமாக எரிந்தால் புகையும் குறைவு. ஈரச் சருகைக் குவித்துப் போட்டால்தான் மஞ்சள் புகை மண்டும். இதைச் சாக்காக வைத்து முற்றத்துக் குப்பையை எல்லாம் அடுப்பில் திணிக்காதீர்கள். அடுப்புப் புகையும் புகைதான், புகைக்குழாய் இல்லாத அடுக்களையில் முதலில் கெடுவது வீட்டுப் பெண்களின் நெஞ்சு.

மா இலையும் அயனி இலையும் தடிமன். மூடாக்குக்கு நல்லது, மட்கத்தான் நாளாகும். கிணற்று உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இலையைக் கொட்டி மிதித்து, சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் எரு. ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை கிளறி விடுங்கள். இதில் ஒரு வில்லங்கம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தென்னந்தோப்பில் எருக்குழி என்றால் தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு முட்டையிட வரும். வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் தடித்த புழு அதனுடையதுதான். இந்தப் பயத்தில்தான் பலர் எருக்குழியை மூடிவிட்டுத் தீப்பெட்டியை எடுக்கிறார்கள். கிளறும்போது புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தைக் குழியில் கலந்துவிடுவதும் உண்டு, வேளாண் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பாம்புக்குப் பயந்து கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சருகுக் குவியலில் விரியன் படுத்துக் கிடக்கும் என்பது உண்மை. அதற்குச் செய்ய வேண்டியது, குவியலை வீட்டுச் சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளி வைப்பது, கையால் வாராமல் மண்வெட்டியோ கம்போ பயன்படுத்துவது, இருட்டில் போகும்போது டார்ச் அடிப்பது. கொசுவுக்காக அந்தி நேரத்தில் புகை போடுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: டெங்கு கொசு பகலில் கடிப்பது. ரப்பர் பால் வடிக்கும் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் கிடைக்கும் பலன், ஒரு வருடம் புகை போட்டாலும் கிடைக்காது.

எதையும் எரிக்கவே வேண்டியதில்லையா என்றால், உண்டு. குருத்தழுகல் வந்த தென்னையில் அழுகிய குருத்தை வெட்டி எடுத்து எரித்துவிடச் சொல்வது பழைய பரிந்துரை. சிவப்புக் கூன்வண்டு குடைந்து இனி பிழைக்காது என்றான மரத்தையும் வெட்டிப் பிளந்து அழிக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வண்டு அடுத்த மரத்துக்குப் போகும். நம் மாவட்டத்தில் நெடுநாளாக இருக்கும் வாடல் நோய் அப்படியல்ல. அதைப் பரப்புவது சாறு உறிஞ்சும் பூச்சிகள், கீழே விழுந்து காய்ந்த ஓலை அல்ல. அந்த ஓலையைக் கொளுத்தி நோயைத் தடுக்க முடியாது. நோய்க்காக எரிக்கிறீர்கள் என்றால் முதலில் வேளாண் உதவி அலுவலரிடமோ தோட்டக்கலை அலுவலரிடமோ மரத்தைக் காட்டி, அவர் சொன்னபடி செய்யுங்கள். மனு வந்தாலும் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கும்.

அப்படி மூட்டியே ஆக வேண்டிய தீயை எப்படி மூட்டுவது என்பதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற மறுவருடம், மாசி மாதம். கூன்வண்டு விழுந்த ஒரு தென்னையை வெட்டினோம். அதை எரிக்கும்போது 'இதையும் போட்டுவிடுவோமே' என்று மூலையில் கிடந்த கதம்பைக் குவியலையும் அதன்மேல் தள்ளினேன். சனிக்கிழமை சாயங்காலம் தணிந்ததும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஞாயிறு முழுக்கப் புகை இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் காற்று கிளம்பியது. நீறு பூத்துக் கிடந்த கதம்பையிலிருந்து ஒரு பொறி பறந்து வேலியோரத்துப் பனையின் காவோலையில் ஒட்டிக்கொண்டது. வருடக்கணக்காக யாரும் கழிக்காத காவோலை, பந்தம் மாதிரி எரிந்தது. எரிந்த ஓலை ஒன்று கழன்று பக்கத்து விளையில் ஓலை மேய்ந்த கோழிக்கூட்டின் மேல் விழுந்தது. கோழிகள் வெளியே மேய்ந்துகொண்டிருந்தது அவற்றின் அதிர்ஷ்டம். வண்டியில் வந்தவர்கள் என் பழைய சகாக்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, தண்ணீர் அடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கூடு கட்டிக் கொடுத்ததோடு அந்த வருடம் தேங்காய் விற்ற காசும் போயிற்று.

அதனால் முதல் விஷயம்: கதம்பை, மரத்தூள், மட்கிய மரமூடு இவற்றை ஒருபோதும் தீயில் போடாதீர்கள். சருகு எரிந்தால் எரிந்து முடிந்துவிடும். இவை உள்ளுக்குள் கனன்றுகொண்டு நாள்கணக்கில் கிடக்கும். மேலே ஊற்றிய தண்ணீர் வழிந்தோடிவிடும், கங்கு அடியில் இருக்கும். அணைப்பது என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும், மண்வெட்டியால் புரட்ட வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும், சேறாகும் வரை. பிறகு புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, சூடு இல்லை என்றால்தான் அணைந்தது. மறுநாள் காலையிலும் போய்ப் பாருங்கள். சாம்பலை உடனே அள்ளிப் பிளாஸ்டிக் வாளியிலோ சாக்கிலோ கட்டாதீர்கள்.

இடம் பார்க்கும்போது எல்லோரும் சுற்றிலும்தான் பார்க்கிறார்கள், மேலே அண்ணாந்து பார்ப்பதில்லை. மின்கம்பி, கேபிள், காவோலை தொங்கும் பனை, காய்ந்த சில்லாட்டை உள்ள தென்னை, இவற்றின் கீழே தீ கூடாது. குவியல் இடுப்பு உயரத்துக்கு மேல் வேண்டாம், முழங்கால் உயரம் போதும், எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுற்றிலும் ஆறேழு அடிக்குப் புல்லும் சருகும் இல்லாத வெறும் மண் இருக்க வேண்டும். வீடு, வைக்கோல் போர், தொழுவம், வண்டி நிற்கும் ஷெட் எல்லாம் நல்ல தூரத்தில் இருக்க வேண்டும், நான் என் வீட்டில் வைத்திருக்கும் கணக்கு குறைந்தது முப்பது அடி. அவ்வளவு தூரம் கிடைக்காத அஞ்சு சென்ட் மனையில் தீயே மூட்டக் கூடாது. ஹோஸ் போட்ட குழாயை முதலில் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தீக்குச்சி உரச வேண்டும். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, ஆகவே நாலு வாளி நிறைத்தும் வையுங்கள்.

நேரம் பற்றி நம் ஊரில் ஒரு தப்பான பழக்கம் இருக்கிறது. விடியற்காலையிலோ அந்தியிலோ கொளுத்துவார்கள், காற்று இல்லையே என்று. காற்று இல்லாததுதான் வினை. மார்கழி, தை மாதக் காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும், மேலே இருப்பது அதைவிடச் சூடு. அப்போது புகை எழும்பாது, கூரை உயரத்திலேயே பரவி பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகும். உங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இளைப்பு வருவது அந்த நேரத்தில்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். வெயில் ஏறி, பனி விலகி, கடற்காற்று பலமாவதற்கு முன்பான நேரம்தான் உள்ளதில் மோசமில்லாத நேரம். காற்று நாளில் வேண்டவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி தோவாளைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, முப்பந்தலில் காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் ஒரு பொறி எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். பெட்ரோலின் ஆவி தரையோடு பரவி நிற்கும். நீங்கள் குச்சி உரசும்போது குவியலுக்கு முன்னால் நீங்கள் பற்றிக்கொள்வீர்கள். நான் பார்த்த தீக்காயங்களில் மனசை விட்டுப் போகாதவை நைட்டி போட்டுக்கொண்டு குப்பை கொளுத்தப் போன அம்மாமார்களுடையவை. நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிவிடும். பருத்தித் துணி, முந்தானையையும் வேட்டியையும் இழுத்துச் செருகுவது, காலில் செருப்பு. உடையில் பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். புண்ணில் பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிக்கொண்டே 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள். தீ கைமீறினால் 101 அல்லது 112. நாமே அணைத்துவிடலாம் என்று பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள், அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் போகிறது.

தோட்டத்துச் சருகு என்று சொல்லிக்கொண்டு அதற்குள் போகும் மற்ற சாமான்கள்தான் உண்மையில் பெரிய கேடு. பால் கவர், பிஸ்கட் உறை, பிவிசி குழாய்த் துண்டு, பழைய செருப்பு, டயர். பிவிசி மாதிரி குளோரின் உள்ள பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். அதை ஒழிக்க ஆலைகளில் புகையை 850 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்திருப்பார்கள். முற்றத்துத் தீ அந்தச் சூட்டில் நிலையாக நிற்காது. பெயிண்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் இரண்டும் விறகு அல்ல. சென்ட் பாட்டில், கொசுமருந்து டப்பா, பேட்டரி, டியூப்லைட் வெடிக்கும். அரளிக் கம்பை எரிக்காதீர்கள், அதன் புகையே விஷம். கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொள்ளவைக்கும், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். சின்ன வயதில் கொட்டை சுட்டு உதடு பொள்ளிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். டயப்பரையும் நாப்கினையும் வெட்கப்பட்டுக் கொளுத்துகிறவர்கள் நிறையப் பேர். காகிதத்தில் சுற்றி, அடையாளம் தெரியும்படி வைத்துத் தூய்மைக் காவலரிடம் தனியாகக் கொடுங்கள். வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் வேலிக்கு வெளியே உள்ள காலி மனையில் யாரோ ராத்திரி கொட்டிவிட்டுப் போன மூட்டைகளை, நாற்றம் தாங்காமல் நீங்களே கொளுத்தினால் சட்டப்படி எரித்தவர் நீங்கள்தான். படம் எடுத்து ஊராட்சியில் மனு கொடுங்கள், நடக்காவிட்டால் 1100-க்குப் போன் செய்து முதல்வரின் முகவரித் துறையில் பதிவு செய்யுங்கள், அல்லது திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள்.

அதே வழிகள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் திறந்துதான் இருக்கின்றன. அவர் மனு கொடுத்தால் பெரும்பாலும் முதலில் ஊராட்சியிலிருந்து ஆள் வந்து வாயால் எச்சரிப்பார். அதன்பின் அபராதம். தொடர்ந்தால் தொல்லையை நிறுத்தச் சொல்லி நிர்வாக நடுவர் நிபந்தனை உத்தரவு போட, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சிவில் கோர்ட்டில் தடையாணையும் கேட்கலாம். இதில் எதிலும் நீங்கள் ஜெயிக்கிற வழி எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் மருத்துவச் சீட்டை அவர் நீட்டினால் உங்களிடம் நீட்ட என்ன இருக்கிறது?

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை தூத்துவாரியதைத் தென்னை மூட்டுக்குக் கொண்டுபோங்கள். மட்டையை அடுக்குங்கள். உறை இரண்டு வாங்கிப் போடும் வரை மா இலையை மாமரத்தின் கீழேயே ஒதுக்கி வையுங்கள். அப்புறம் வேலியோரம் போய் அவரைக் கூப்பிட்டு, இனி கொளுத்தப் போவதில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நோய்க்காக என்றைக்காவது ஒருநாள் எரிக்க வேண்டி வந்தால் முந்தின நாளே சொல்வதாகவும், அன்று பிள்ளையை வேறெங்காவது வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லுங்கள். பலா இலையைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லையே என்று பார்ப்பீர்கள். அவர் வீட்டில் ஆடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பச்சையாக விழுகிற இலையைக் கூட அவரே வந்து வாரிக்கொண்டு போவார்.